மல்பெரி மட்டையும் மாமன் சீரும்

போன மாசம் தங்கச்சி பொண்ணு போன் பண்ணினாள். பன்னிரண்டு வயசு, ஏழாவது படிக்கிறாள்.

"மாமா, பொறந்தநாளுக்கு டிரஸ் வேணாம். ஹாக்கி ஸ்டிக் வாங்கித் தர்றியா?"

பள்ளிக்கூடத்துல ஹாக்கி டீம் போட்டிருக்காங்களாம். மட்டை இருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் தினமும் பிராக்டீஸ். இல்லாதவங்க பள்ளிக்கூடத்து மட்டை காலியாகற வரைக்கும் ஓரமா உக்காந்திருக்கணும். தாய்மாமன் நான் இருக்கறப்போ எம் மருமக ஓரமா உக்காரலாமா? "வாங்கித் தரேன்டா கண்ணு"ன்னு சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரி நெட்ல விலை பார்த்தேன். பன்னிரண்டாயிரம், பதினெட்டாயிரம்னு போகுது. அதுக்கு மேலயும் போகுது. காதுகுத்துக்கு நான் செஞ்ச சீரே அவ்வளவு வராதுங்க.

அப்புறம்தான் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சது.

1988. எனக்குப் பதிமூணு வயசு, நாலடி ஒன்பது அங்குலம் உயரம். அப்பாவுக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில இருந்த ஒரு தொழிற்சாலையில ஷிஃப்டு வேலை. போனஸ் வந்த வாரம் பெரியமேட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அப்பவும் இப்பவும் சென்னையில விளையாட்டுச் சாமான்னா பெரியமேடுதான். கடைக்காரர் நாலு மட்டையை எடுத்துப் போட்டார். அப்பா தேர்ந்தெடுத்தது முப்பத்தேழு அங்குலம், வளர்ந்த ஆம்பளைங்க ஆடற நீளம். "வளர்ற பையன், ரெண்டு வருஷம் வரும்"னார். ஸ்கூல் டிராயரையும் செருப்பையும் எந்தக் கணக்குல வாங்குவாரோ அதே கணக்கு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம பேட்டையில எல்லா வீட்டுக் கணக்கும் அதுதான்.

ஆனா ஹாக்கி மட்டை டிராயர் மாதிரி இல்லீங்க. மடிச்சுத் தைக்க முடியாது. நீளமான மட்டையைப் பிடிச்சா குனிய முடியாது, பந்து காலுக்கு ரொம்ப தூரத்துல ஓடும். குனியணும்னா பிடியைப் பாதியில பிடிக்கணும், மிச்சக் கம்பு வயித்துல குத்தும். எனக்குக் குத்தியது. ஆறு மாசம் வயித்துல தழும்போட ஆடினேன். அப்புறம் மழைக்காலத்துல மட்டையைக் கிணத்தடிச் சுவர்ல சாய்ச்சு வெச்சிட்டேன். தலைப்பகுதி ஊறி நார் நாரா விரிஞ்சு போச்சு. இன்னொண்ணு கேக்கற தைரியம் எனக்கு வரல. என் ஹாக்கி வாழ்க்கை அதோட முடிஞ்சது.

அதனாலதான் இந்தத் தடவை கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த மட்டையோட கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். எப்படி இந்தச் சாதனம் ஒரு ஷிஃப்டு தொழிலாளியோட போனஸுக்குள்ள இருந்துச்சு, எப்படி அதை விட்டு வெளிய போச்சு? இன்னும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கா?

எங்க ஊர்ப் பேர்லயே ஒரு வெள்ளைக்காரர் உக்காந்திருக்கார். 1717-லேர்ந்து 1720 வரைக்கும் மதராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேத்தி உண்டாக்கின பேட்டை இது. காலெட் பேட்டை நம்ம வாயில காலடிப்பேட்டை ஆச்சு. ஏதோ சாமியோட காலடி பட்ட எடம்னு இன்னும் நம்பறவங்க உண்டு. அவங்களை நான் திருத்தறதில்ல. ஹாக்கியும் அதே மாதிரிதான், பட்டாளத்து வெள்ளைக்காரங்களோட வந்து நம்ம வாயில, நம்ம கையில வேற ஒண்ணா மாறிப் போச்சு. கல்கத்தாவுல 1880-கள்ல முதல் கிளப். 1895-ல பெய்ட்டன் கோப்பை. அப்புறம் ரயில்வே, துறைமுகம், பட்டாளம்னு வெள்ளைக்காரன் உத்தியோகம் எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம். ராயபுரம், பெரம்பூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகள்ல ஹாக்கி ஒட்டிக்கிட்டது இப்படித்தான்.

ஆட்டம் அவங்களோடது. மட்டை நம்மளோடது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்.

இங்கிலாந்துல ஆரம்பத்துல மட்டை செஞ்சது ஆஷ் மரத்துல. அதை ஓரளவுக்கு மேல வளைக்க முடியாது. அதனால தலைப்பகுதி நீளமா, படகு மாதிரி இருக்கும். பஞ்சாப் கைவினைஞர்கள் கையில எடுத்தது மல்பெரி. ஆமாங்க, பட்டுப்புழு தின்ற இலை மரம், நம்மூர் முசுக்கட்டை. அந்தக் கட்டையை நீராவியில வேகவெச்சு அச்சுல வளைச்சா இறுக்கமா வளையும், உடையாது. மரத்தோட நார் வளைவு கூடவே ஓடும். அதனாலதான் அந்தச் சின்னத் தலைக்கு அவ்வளவு பலம். பிடிக்குப் பிரம்புப் பட்டைகளை அடுக்கி, நடுவுல ரப்பர் வெச்சு ஒட்டி, மேல நூல் சுத்துவாங்க. அடிக்கிற அதிர்ச்சியைப் பிரம்பும் ரப்பரும் குடிச்சிடும், கைக்கு வராது.

தலை சின்னதானதுல என்ன லாபம்? மட்டையைச் சட்டுனு திருப்பலாம். ஹாக்கி மட்டைக்கு இடப்பக்கம் மட்டும்தான் தட்டை. வலப்பக்கம் உருண்டை, அந்தப் பக்கத்தால பந்தைத் தொடக் கூடாது. அப்போ பந்தை ரெண்டு பக்கமும் ஆட்டணும்னா ஒவ்வொரு தடவையும் மட்டையைப் புரட்டணும். நீளத் தலையோட புரட்டறது கஷ்டம். குட்டைத் தலையா இருந்தா மணிக்கட்டே போதும். தியான்சந்த் பந்தை மட்டையில ஒட்டி வெச்சிருந்தார்னு உலகமே பேசிச்சே, அந்த வித்தை அவர் கையோடது. ஆனா அந்தக் கைக்கு ஏத்த கருவியைச் செஞ்ச தச்சர்கள் பேர் எங்கயும் இல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம்ல தொடங்கி 1956 மெல்போர்ன் வரைக்கும் வரிசையா ஆறு ஒலிம்பிக் தங்கம். அந்தப் பதக்கங்கள்ல கொஞ்சம் மரத்தூளும் இருக்குன்னு நான் நினைச்சுக்குவேன்.

அந்தத் தச்சர்கள் பெரும்பாலும் இருந்த ஊர் சியால்கோட். 1947-ல கோடு போட்டப்போ சியால்கோட் பாகிஸ்தான் பக்கம் போயிடுச்சு. அங்கிருந்த இந்து, சீக்கியக் கைவினைஞர்கள் நிறையப் பேர் வீடு, பட்டறை எல்லாத்தையும் விட்டுட்டு வந்து கடைசியில ஜலந்தர்ல உக்காந்தாங்க. கொஞ்சம் பேர் மீரட்டுக்குப் போனாங்க. இன்னைக்கும் நம்ம நாட்டுல ஹாக்கி மட்டைன்னா ஜலந்தர்தான், அதுக்குக் காரணம் அந்த அகதிகள். பெரியமேட்டுல அப்பா வாங்கின மட்டையோட பிடியிலயும் ஜலந்தர்னு அச்சடிச்சிருந்தது. வாம்பயர், ரக்‌ஷக்னு அந்தக் காலத்து மட்டைப் பேரைச் சொன்னா ஐம்பது தாண்டினவங்க கண்ணு இப்பவும் மின்னும்.

மண் தரை, மல்பெரி மட்டை, தோல் பந்து. இது மூணும் இருந்த வரைக்கும் ஹாக்கி ஏழை வீட்டுப் பிள்ளையோட ஆட்டம். இதுல மொதல்ல மாறினது தரை.

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்ல முதல் தடவையா செயற்கைப் புல்தரையில ஹாக்கி நடந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி வெண்கலம் வாங்கின, ஒரு வருஷம் முன்னாடி உலகக் கோப்பையே ஜெயிச்ச இந்தியா ஏழாவது இடம். தங்கம் நியூசிலாந்துக்கு. தோத்ததுக்குத் தரை மட்டுமே காரணம்னு சொல்லிட்டுத் தப்பிக்கிறவங்க கூட்டத்துல நான் இல்ல. ஆனா தரை மாறினதும் செலவுக் கணக்கு மாறிப் போச்சு. செயற்கைத் தரை போட கோடிக்கணக்குல பணம் வேணும். அப்புறம் அதுமேல தண்ணி ஊத்தணும், ஆட்டத்துக்கு முன்னாடி தரை முழுக்க நனைக்கணும். 2019 கோடையில எங்க தெருவுல லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்டு நின்னப்போ எனக்கு எழும்பூர் மைதானம்தான் ஞாபகம் வந்துச்சு.

சொரசொரப்பான செயற்கைத் தரையில உரசினா மரம் தேயும். தண்ணி பட்டா ஊறும் (என் கிணத்தடி அனுபவம்!). அதனால மொதல்ல மரத்து மேல கண்ணாடி இழை பூசினாங்க. அப்புறம் மரத்தையே தூக்கிட்டு கண்ணாடி இழை, அராமிட், கார்பன் இழைன்னு முழுக்க கலவைப் பொருள் மட்டை வந்துச்சு. ஊறாது, தேய்மானம் கம்மி, விறைப்பு ஜாஸ்தி, அடிச்சா பந்து பறக்கும். 2000-க்கு அப்புறம் பெரிய ஆட்டங்கள்ல மர மட்டையைப் பார்க்கவே முடியல. தோல் பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, உலகப் பிராண்டு பேர்ல விக்கிற கார்பன் மட்டைகள்ல ஏகப்பட்டது இன்னைக்கும் தயாராகறது அதே சியால்கோட்லதான். மரம் போச்சு, ஊர் போகல.

இந்த விலை ஏத்தத்துக்கு நடுவுலயும் ஏழை வீட்டுப் பிள்ளைங்க வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. எப்படி வந்தாங்கன்னு பாருங்க. தன்ராஜ் பிள்ளை நம்ம தமிழ்க் குடும்பம், புனே பக்கம் கட்கியில பொறந்தவர். அப்பா ஆர்டினன்ஸ் ஃபாக்டரி மைதானத்துல பராமரிப்பு வேலை. ஒடஞ்ச மட்டையையும் தூக்கிப் போட்ட பந்தையும் வெச்சுத்தான் ஆடிப் பழகினார். 1998-ல ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கின அணிக்குக் கேப்டன் ஆனார். ஹரியானாவுல ராணி ராம்பால், வண்டி இழுக்கற அப்பா, அவங்களும் ஒடஞ்ச மட்டையில ஆரம்பிச்சவங்க. டோக்கியோவுல நாலாவது இடம் வந்த மகளிர் அணிக்கு அவங்கதான் கேப்டன். கேரளாவுல ஸ்ரீஜேஷுக்குக் கோல்கீப்பர் சாமான் வாங்க அவங்க அப்பா பசுவை வித்தார். ரெண்டு ஒலிம்பிக் வெண்கலம் வந்து சேர்ந்துச்சு.

இந்தக் கதைகளை எல்லாரும் உருகி உருகிச் சொல்றாங்க. எனக்கு உருக்கத்தை விட கோவம்தான் ஜாஸ்தி வருது. ஒடஞ்ச மட்டையோட வந்தவங்க மூணு பேர் பேர் நமக்குத் தெரியும். மட்டை ஒடஞ்சதோட நின்னு போனவங்களை யார் எண்ணினாங்க? நம்ம பக்கத்துல ஹாக்கின்னா வெறும் ஆட்டம் மட்டும் கிடையாது. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் பேங்க், ஓவர்சீஸ் பேங்க்னு டீம் வெச்சிருந்த இடங்கள்ல மட்டையைப் பிடிச்சே உத்தியோகம் வாங்கினவங்க உண்டு. ஒரு மட்டை ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கு.

சரி, கடைக்கு வருவோம். காலடிப்பேட்டையில மெட்ரோ 2021-லயே வந்தாச்சு, சென்ட்ரல்ல இறங்கினா பெரியமேடு நடக்கற தூரம். மருமகளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆள் வராம மட்டை வாங்கறது, கால் வராம செருப்பு வாங்கற மாதிரி.

கடைப் பையன் எடுத்தவுடனே கார்பனைக் காட்டினான். பளபளன்னு பச்சைக் கலர். பொண்ணு கண்ணு அதுலயே நின்னுடுச்சு. நான் விடல. கார்பன் சதவீதம் ஏற ஏற மட்டை விறைக்கும். பழகின கைக்கு அது பலம். புதுசா கத்துக்கற கைக்குப் பந்து மட்டையில பட்டுத் தெறிச்சு ஓடும், நிறுத்தவே வராது. பந்தை நிறுத்தக் கத்துக்கறதுதானே முதல் பாடம்? மரமோ, கண்ணாடி இழை ஜாஸ்தியா இருக்கிற மட்டையோ பந்தை வாங்கிக்கும். அவ ஆடப் போறதும் மண் தரைதான். மண்ணுல கார்பனைத் தேய்க்கறது பட்டுப்புடவையை உடுத்திக்கிட்டு மீன் மார்க்கெட் போற மாதிரி.

அடுத்தது நீளம். நேரா நிக்க வெச்சு, மட்டையைத் தரையில ஊணி, பிடியோட நுனி இடுப்பெலும்புக்கு வருதான்னு பார்க்கணும். அவளுக்கு முப்பத்துநாலு அங்குலம் சரியா இருந்துச்சு. "முப்பத்தாறு வாங்கிக்கங்க சார், வளர்ற பொண்ணு"ன்னான் பையன். எனக்கு வயித்துல பழைய தழும்பு குத்திச்சு. "தம்பி, வளர்ந்தப்புறம் வாங்கறேன்"னேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

எடை விஷயத்துல சட்டப்படி 737 கிராமுக்கு மேல போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு அதுல முக்கால் பாகம் எடை இருந்தாலே போதும். மட்டையோட முதுகு வளைவுக்கும் 25 மில்லிமீட்டர்னு உச்சவரம்பு இருக்கு. வளைவு ஜாஸ்தியா இருக்கறது பந்தைத் தூக்கி வீசறவங்களுக்கு. புதுசுக்கு நடுவுல லேசா வளைஞ்சது போதும்.

இன்னொரு சிக்கல், இவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். எங்கம்மா இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க. "இடது கைக்காரங்களுக்குத் தனி மட்டை இருக்கா?"ன்னு கேட்டேன். கிடையவே கிடையாதுங்க. எல்லாருக்கும் ஒரே மட்டைதான். ஆனா ஹாக்கியில மேல பிடிக்கிறது இடது கை, மட்டையைப் புரட்டறதும் அதுதான். வலது கை சும்மா தாங்கல். அப்போ இவளுக்கு யோகம்தான்னு சொன்னேன். கடையிலயே ரெண்டு தடவை புரட்டிக் காட்டினாள்.

பில் இதோ: கண்ணாடி இழை பூசின மல்பெரி மட்டை 750, முழங்காலுக்குக் கீழ கட்டற ஷின் கார்டு 350, வெந்நீர்ல போட்டுக் கடிச்சு அச்சு எடுக்கற பல் கார்டு 120, பந்து 150. ஆக 1,370 ரூபாய். கையில காசு கம்மின்னா மட்டையில குறைச்சுக்கங்க, ஷின் கார்டுலயும் பல் கார்டுலயும் குறைக்காதீங்க. ஹாக்கிப் பந்தும் கிரிக்கெட் பந்தும் ஒரே எடை, ரெண்டும் 156-லேர்ந்து 163 கிராம். அது பல்லுல பட்டா செலவு எவ்வளவுன்னு பல் டாக்டரைக் கேளுங்க. தனி ஷூ எல்லாம் ஆரம்பத்துல வேண்டாம், பள்ளிக்கூட கேன்வாஸ் போதும். ஏற்கெனவே மட்டை வெச்சிருக்கிற பிள்ளைக்குப் பரிசு தரணும்னா புது கிரிப் ஒண்ணு சுத்திக் குடுங்க. நூறு ரூபாய்க்குள்ள பழைய மட்டை புதுசாயிடும்.

ஆடறவங்களுக்கு இப்படி. பார்க்கற பைத்தியங்களுக்கு? எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு, எங்கப்பா. 1980 மாஸ்கோ இறுதி ஆட்டத்தை ரேடியோவுல இந்தி வர்ணனையில கேட்டவர். இந்தி ஒரு எழுத்து தெரியாது. கேப்டன் பாஸ்கரன் பேர் வரும்போதெல்லாம் தொடையைத் தட்டுவாராம். ஸ்பெயினை 4-3-னு ஜெயிச்ச அன்னைக்கு நைட் ஷிஃப்டுக்கு லேட்டாப் போய் சம்பளம் பிடிச்சாங்களாம். அவருக்கு டீஷர்ட்டும் கப்பும் வாங்கிக் குடுத்து என்ன பிரயோஜனம்? ஒரு வருஷம் தியான்சந்த் தபால்தலை தேடிக் குடுத்தேன், 1980-ல வந்தது. காசு ஜாஸ்தி ஆகல, பர்ஸ்லயே வெச்சிருக்கார். தியான்சந்தோட சுயசரிதை 'கோல்' 1952-ல வெளிவந்தது நம்ம மதராஸ்லேர்ந்துதான், ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகைக்காரங்க போட்டது. பழைய புத்தகக் கடையில அந்தப் பதிப்பு மாட்டினா விடாதீங்க, எனக்கு இன்னும் மாட்டல.

ஆனா அவருக்கு நான் குடுத்ததுலயே நல்ல பரிசுக்கு ஒரு பைசா ஆகல. 2025 டிசம்பர்ல ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு, அனுமதி இலவசம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வெண்கலத்துக்கு ஆடின ஆட்டம், அர்ஜென்டினாவை 4-2-னு ஜெயிச்சோம். அப்பா மூணு மணி நேரம் பாத்ரூம் போகல. சக்கரைக்காரருக்கு அது உலக சாதனை.

மட்டை வாங்கின அன்னைக்குத் திரும்பி வரும்போது பொண்ணு ஆசைப்பட்டாள்னு டோல்கேட்ல மெட்ரோவை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சோம். மட்டையைத் துணிப்பையில சொருகினாலும் தலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. எதிர்ல உக்காந்திருந்த பெரியம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "யாருகூடப்பா தகராறு?"ன்னாங்க. தப்பில்ல. நம்ம சினிமாவுல ஹாக்கி மட்டை மைதானத்துல வந்ததை விட காலேஜ் சண்டையில வந்ததுதான் ஜாஸ்தி. "எனக்குப் பாட்டி, ஆடறதுக்கு"ன்னா மருமக. அந்தம்மா மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "பொம்பளப் புள்ளக்கா?"ன்னாங்க. அப்புறம், "நல்லா அடி"ன்னு திருப்பிக் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தினி அங்குலம்?"

"முப்பத்துநாலு"ன்னேன். ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டார். பேத்தியை வாசப்படிக்கிட்ட நேரா நிக்கச் சொல்லி, மட்டையைப் பக்கத்துல ஊணி, பிடி நுனியில உள்ளங்கையை வெச்சு அவ இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார்.

"இது சரியா இருக்குடா"ன்னார்.